குறைந்த தொகையை எழுதியவர்

டிரெஸ்டனில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், அக்டோபரில் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் ஊர் சுற்றத் திட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். "அக்கா, ஆளுக்கு முந்நூறு யூரோவுல மூணு ஊரையும் பாத்துடலாமா?" என்று யாராவது என்னைக் கேட்பார்கள். இங்கேயே படித்து இங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டவள் என்பதால் ஆண்டுதோறும் என்னிடம் வரும் கேள்வி இது. பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். கூடவே, அந்த முந்நூறை முதலில் சொன்னது யார் என்றும் கேட்டுக்கொள்வேன்.

பெரும்பாலும் குழுவில் கொஞ்சம் வசதியானவர்தான் சொல்லியிருப்பார். மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்கள் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ; மாதம் 992 யூரோதான் அதிலிருந்து கைக்கு வரும். சிலருக்கு அது அப்பாவின் சேமிப்பு. சிலருக்கு வங்கிக் கடன். இங்கே பாடம் நடக்கும்போது அங்கே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மிஞ்சுவதை ஒருவர் தாராளமாகச் செலவழிப்பார். இன்னொருவர் அதிலும் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புவார். இருவரும் ஒரே சமையலறையில் உட்கார்ந்து ஒரே பயணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 'எனக்குக் கட்டுப்படியாகாது' என்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருக்கும் அந்த இன்னொருவரை வைத்துத்தான் மாணவர் பயணத்தின் கணக்கைத் தொடங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அதனால் இப்போதெல்லாம் ஊர்ப்பெயர் பேசுவதற்கு முன்பே ஒன்று செய்யச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தம்மால் முடிந்த தொகையைத் தனியாக எனக்கு எழுதி அனுப்ப வேண்டும். வந்ததில் எது குறைவோ அதுதான் எல்லோருக்கும் பட்ஜெட். எழுதியவர் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன். "முடிஞ்சவங்க கொஞ்சம் கூடப் போட்டுக்கறோமே அக்கா" என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. அந்த மனதை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்தவர் காசில் வருகிற பிள்ளை, ஒவ்வொரு காபிக்கும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரும். அப்படி ஒரு பயணம் யாருக்கு வேண்டும்?

தொகை குறையும்போது முதலில் மாறுவது தேதி. ஹாஸ்டலில் அதே கட்டில் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை வேறு விலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லா நாளுமே சனிக்கிழமைதான். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆசை என்றால் அதற்காக பிராக் போக வேண்டியதே இல்லை. டிரெஸ்டனின் ஷ்ட்ரீட்செல்மார்க்ட் 1434இலிருந்து நடந்துவருகிறது, டிராமில் போய் வந்துவிடலாம். பயணத்தை பிப்ரவரித் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கிளம்புவது ஞாயிறு காலை. ஆஸ்திரியாவில் ஞாயிறு கடை அடைப்பு; சனிக்கிழமையும் மாலை ஆறு மணியோடு சரி. பெரிய ரயில் நிலையங்களில்தான் ஒன்றிரண்டு கடை திறந்திருக்கும். பிராகில் ஞாயிறும் கடை உண்டு. ஆகவே ஞாயிறு, திங்கள் பிராக், செவ்வாய், புதன் வியன்னா, வியாழன் புடாபெஸ்ட், வெள்ளி பகல் முழுக்க ரயிலில் திரும்புவது. வார இறுதி விலை எங்கும் நம்மைத் தொடாது.

போக்குவரத்தில் இந்தத் தலைமுறைக்கு ஒரு நல்ல காலம் வாய்த்திருக்கிறது. ரயில்வேயைக் காப்பதற்காக 1930களில் போட்ட சட்டம், ஜெர்மனிக்குள் தொலைதூரப் பேருந்துகளை வெகுகாலம் தடுத்தே வைத்திருந்தது. 2013 ஜனவரியில் அது தளர்ந்தது. அதே ஆண்டில் ஃபிளிக்ஸ்பஸ் ஓடத் தொடங்கியது. டிரெஸ்டனிலிருந்து பிராக் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான், முன்கூட்டியே எடுத்தால் சீட்டு மலிவு. ஆனால் ஒரு ராத்திரி வாடகை மிச்சம் என்று இரவுப் பேருந்து போடுவதை நான் ஆதரிப்பதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிரில் இறக்கிவிடுவார்கள். ஹாஸ்டலில் பையை வைத்துக்கொள்வார்கள், கட்டில் மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். அதுவரை ஒதுங்க இடம் தேடி ஆளுக்கு இரண்டு காபியும் ஒரு ரொட்டியும் வாங்கினால் மிச்சம் பிடித்தது போய்விடும். அன்றைய பகலும் தூக்கத்தில் கெடும்.

பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்க வேண்டும், அசலாகவே. ஷெங்கன் நாடுகளுக்குள் நமக்குத் தனி விசா தேவையில்லை என்பது உண்மை. ஆனாலும் 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. போலீஸ் ஏறி வரும்போது போனில் படத்தைக் காட்டினால் போதாது.

ஹாஸ்டல் என்ற ஏற்பாடே கையில் காசில்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்தது என்பதை இவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடிக்கும். ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் 1909இல் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளெல்லாம் இப்படிப் பயன்படலாமே என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி திறந்தது. அந்தப் பழைய படுக்கையறையை இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். எட்டுக் கட்டில் போட்ட அறையில் மேல்தட்டில் படுப்பதைக் குறைவாக நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேண்டும். கூடவே ஒரு பூட்டும் வேண்டும். லாக்கர் இருக்கும், பூட்டு பல இடங்களில் நம்முடையதாக இருக்க வேண்டும்.

சமையலறை இருக்கிற ஹாஸ்டலாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் பைக்குள் முதலில் ஏறிவிடும். ராத்திரி ஒரு வேளை சூடாகச் சோறு இருந்தால் பகலில் எதைத் தின்றும் சமாளிக்கலாம். தண்ணீரை எங்கும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வியன்னாவில் அதை வாங்குவது எனக்கு மனசே ஆகாத காரியம். 1873இலிருந்து ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக அந்த நகரம் வீடுதோறும் கொண்டுவருகிறது.

பிராகில் பணம் மாற்றும் கடைகளில் கவனம் வேண்டும். 'கமிஷன் இல்லை' என்ற பலகைக்குப் பின்னால் மாற்று விலையை அடிமாட்டு விலையாக வைத்திருப்பார்கள். கொடுத்துவிட்டாலும் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யலாம். 2019இல் வந்த செக் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஏடிஎம் 'யூரோவில் கணக்கிடவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும். புடாபெஸ்டிலும் அப்படியே.

குறைந்த பட்ஜெட் என்றால் ஊரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவது என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதை மறுக்க எனக்கு வியன்னா அரசு ஓபராவே போதும். அங்கே நின்று பார்க்கும் இடங்கள் உண்டு. அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றே விற்பார்கள், நாற்காலி விலையில் மிகச் சிறு பங்குதான். உள்ளே போனதும் கம்பியில் கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டால் அந்த இடம் நம்முடையது. பழக்கம் அது, யாரும் அவிழ்க்க மாட்டார்கள். முன்னால் சின்னத் திரையில் பாட்டின் பொருள் ஓடும். கும்பகோணத்தில் வாய்ப்பாட்டுக் கற்ற ஒரு பெண்ணை ஒருமுறை கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வெளியே வந்து, மைக் இல்லாமலா இவ்வளவு குரல் என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே டிராம் நிறுத்தம்வரை நடந்தாள். புடாபெஸ்டில் முதல் எண் மெட்ரோவில் ஏறச் சொல்வதும் இதற்காகத்தான். 1896இல் திறந்தது, லண்டனை விட்டால் ஐரோப்பாவில் அதற்கு முன் நகரச் சுரங்க ரயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாதாரணச் சீட்டில் அந்தக் காலத்துக்குள்ளேயே போய் வரலாம். ஆனால் சீட்டில் முத்திரை போடாமல் ஏறக் கூடாது.

இப்போது ஒரு குழு மார்ச்சில் பாரிஸ் போகிறது. இந்த முறை நானும் உடன் போகிறேன். பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2009இலிருந்து கட்டணம் இல்லை. குடியிருப்பு அட்டையைக் காட்டினால் எங்கள் பிள்ளைகளும் லூவருக்குள் இலவசமாகப் போகலாம். ஆனால் குழுவில் ஒருவர், தங்கையின் படிப்பு முடியும்வரை கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர். அவருக்கு 28. வயதைத் தாண்டிய இன்னும் சிலரும் உண்டு. கையில் குறைவாக இருப்பவர்கள் பல சமயம் இப்படித் தாமதமாக வந்தவர்கள்தான், சலுகையோ அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே லூவரைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். அந்த ஞாயிற்றை வைத்துத்தான் பேருந்தும் ஹாஸ்டலும் போட்டிருக்கிறோம். வார இறுதி என்பதால் கட்டில் விலை கூடுகிறது, அதை ஈடுகட்ட ஓர் இரவைக் குறைத்துக்கொண்டோம். பாரிஸ் நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கு எந்த வயதிலும் கட்டணம் கிடையாது. லூவர் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் சனிக்கிழமை மதியம் போகட்டும். மற்றவர்களோடு நான் கார்னவாலே போகிறேன்.