வலது ஓரத்தில் ஒளிந்திருக்கும் வால்

ரொம்ப நாளா புலம்பணும்னு நினைச்ச விஷயம் இது. முழுக்க முழுக்கப் பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம். மத்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

எந்த மென்பொருளுக்கும் ஆவணப் பக்கம்னு ஒண்ணு இருக்கும். அதுல ஒரு பெட்டிக்குள்ள கட்டளையோ நிரலோ போட்டிருப்பாங்க. பெட்டியைவிட வரி நீளமா இருந்தா? எச்டிஎம்எல்லில் நிரலைக் காட்டுற 'பிரீ' டேக், நாம அடிச்ச இடைவெளியையும் வரி முறிவையும் அப்படியே காப்பாத்தும், தானா மடிக்காது. அதனால கீழ ஒரு ஸ்க்ரோல் பாரை வச்சுட்டு, வேலை முடிஞ்சதுன்னு போயிடறாங்க.

முடியலைங்க. மேக்கில் 2011-ல் வந்த லயன் பதிப்பிலிருந்து, டிராக்பேட் வச்சிருக்கறவங்களுக்கு ஸ்க்ரோல் பார் நகர்த்தும்போது மட்டும்தான் தெரியும். மொபைல்லயும் அதே கதை. அச்செடுத்தா, பெட்டிக்கு வெளியே போனது காகிதத்துக்கு வரவே வராது. வரி சரியா ஒரு சொல் முடியற இடத்துல வெட்டுப்பட்டா, அங்கேயே முடிஞ்சுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க.

இதுல ஒரு பையன் மாட்டினதைப் பார்த்தேன். எங்க டீம்ல புதுசா சேர்ந்தவன், நைட் ஷிஃப்ட். கிளையண்ட் மெஷின்ல காப்பி-பேஸ்ட் கிடையாது. பக்கத்து ஸ்க்ரீன்ல ஆவணத்தைப் பார்த்துக் கையால அடிக்கணும். கட்டளை ஆர்சிங்க். மூலத்தில் இல்லாத கோப்புகளைச் சேருமிடத்திலும் அழிக்கிற 'டெலிட்' முன்னாடி இருந்தது. 'எதையும் செய்யாதே, செய்யப்போறதை மட்டும் சொல்லு'ங்கிற 'டிரை-ரன்' கடைசியில, வலது ஓரத்துக்கு அந்தப் பக்கம். தெரிஞ்சவரைக்கும் ஒழுங்கா அடிச்சு எண்டர் தட்டினான். பழைய கோப்புகள் காலி. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்கறப்ப விடிஞ்சிருச்சு.

காலை மீட்டிங்ல, "கவனமா படிச்சிருக்கணும்ல?"னு அவனைத்தான் கேட்டாங்க. ஸ்க்ரீன்ல இல்லாததை எப்படிங்க கவனமா படிக்கிறது? பக்கத்தைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலை. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு, சாதாரணக் கட்டளைக்குக்கூட யாரையாவது பக்கத்துல நிக்க வச்சுத்தான் அடிச்சான்.

சரி, வழி என்ன?

ஒண்ணு, சிஎஸ்எஸ்ஸில் 'ஒயிட்-ஸ்பேஸ்' மதிப்பை 'பிரீ-ராப்'னு மாத்தறது. கண்ணுக்கு மடிஞ்சு தெரியும்; காப்பி பண்ணா ஒரே வரியா வரும். கட்டளைகளுக்கு இது போதும். ஆனா பைத்தான்ல உள்தள்ளலுக்கு அர்த்தம் உண்டு. மடிஞ்சு விழுந்த பாதி இடது ஓரத்துல நின்னா, படிக்கிறவர் அதைப் புது வரின்னு நினைச்சுக் குழம்புவார். பத்தி பத்தியா வர்ற அவுட்புட்டை மடிச்சா இன்னும் அலங்கோலம். அதுக்கு ஸ்க்ரோலே தேவலை.

ரெண்டாவது, நாமே உடைக்கிறது. லினக்ஸ் ஷெல்லில் வரிக் கடைசியில '\' போட்டா அடுத்த வரியும் சேர்ந்துக்கும். ஆனா அதுக்குப் பின்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தா, '\' அதோட ஒட்டிக்கும், கட்டளை அங்கேயே முடிஞ்சிடும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் '^', பவர்ஷெல்லில் பேக்டிக். எந்த ஷெல்லுக்குன்னு சொல்லாம உடைச்சா வம்புதான்.

எவ்வளவு நீளத்துல உடைக்கிறது? 1928-ல் வந்த ஐபிஎம் துளை அட்டையில் 80 பத்திகள். பைத்தானின் பெப் 8 இன்னிக்கும் 79 எழுத்துன்னுதான் சொல்லுது. லினக்ஸ் கெர்னலில் 2020-ல் எச்சரிக்கை வரம்பை 100 ஆக்கினாங்க. அட்டை போயே போச்சு, இன்னும் எதுக்கு 80-னு சிலர் கேட்பாங்க. ஸ்க்ரீன் அகலமாச்சு, வாஸ்தவம். ஆனா இடது பக்கம் மெனு, வலது பக்கம் பொருளடக்கம் போக நடுவுல மிஞ்சற பெட்டி சின்னதுதானே?

இப்ப நான் எழுதற ஆவணத்துல வரிக்கு ஒரு ஆப்ஷன். பாதுகாப்புக்கான ஆப்ஷன் கட்டளைப் பெயரை ஒட்டியே வரும். நீளமான முகவரியை முதல்லயே ஒரு மாறியில வச்சுடுவேன். முடிச்சதும் பிரவுசர் ஜன்னலைப் பாதியாச் சுருக்கிப் பார்ப்பேன். வலது பக்கம் ஏதாவது ஒளிஞ்சா, திருத்த வேண்டியது எழுதின நான்தான்.

உங்க ஆவணத்தையும் ஒரு தடவை சுருக்கிப் பாருங்க மக்களே. ரெண்டு நிமிஷ வேலை.