மஞ்சள் கேசட்



போன வாரம் பரணை ஒதுங்க வைத்தபோது டிரங்குப் பெட்டியில் ஒரு மஞ்சள் கேசட் கிடைத்தது. பாட்டுக் கேசட் இல்லை, டிவி கேம் கேசட். பேரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோப்பு டப்பாவா பாட்டி?" என்றான்.

தொண்ணூறுகளில் என்னிடம் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். டிவியின் ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு அதைச் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் வரவைப்பீர்கள். அடாப்டர் தோசைக்கல்லாகக் கொதிக்கும். மேலே "99999 இன் 1" என்று போட்டிருக்கும், உள்ளே அதே சில ஆட்டங்கள் திரும்பத் திரும்ப வரும். கணக்கு டீச்சருக்குக் கோபம் வர அது ஒன்று போதாதா! படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஊதுவீர்கள். உண்மையில் ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் உலோகப் பட்டைதான் கெடும். கழற்றி மறுபடி சொருகியதால்தான் படம் வந்தது.

நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்தான் நம் ஊருக்கு வந்த பெரும்பாலானவை என்று என் மகன் சொன்னான். அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். மரியோ ஆட்டம் மொத்தமும் 40 கிலோபைட். நீங்கள் காலையில் எனக்கு அனுப்பும் ரோஜாப்பூ வணக்கம் அதைவிடப் பெரிது! இடம் போதாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் போட்டு நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வாத்து சுடும் துப்பாக்கியில் குண்டும் இல்லை, கதிரும் இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி பார்த்துவிட்டால் வாத்து விழும். பழைய குண்டு டிவியில்தான் அது வேலை செய்யும். இத்தனை அறிவியல் இருக்கிறது என்று அன்று தெரிந்திருந்தால் பாடமாகவே நடத்தியிருப்பேன். நான் செய்ததோ வேறு.

1997, டிசம்பர். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கீழே கேசட் கைமாறுவதைப் பார்த்துப் பிடுங்கினேன். "அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்றேன். அவன் அப்பா எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குபவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவாரா என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரவும் இல்லை. அரையாண்டு லீவு விட்டார்கள். கேசட் என் பையோடு வீட்டுக்கு வந்தது.

என் மகன் அப்போது அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. "ஒரே ஒரு நாள்மா" என்று கெஞ்சினான், கொடுத்தேன். ஒரு நாள் லீவு முழுக்க ஆனது. வகுப்பில் தப்பு என்று பிடுங்கியது வீட்டில் தப்பாகத் தெரியவில்லை. இதை எழுதுவதற்கே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஜனவரியில் இன்னொரு பையன்தான் சொன்னான். அது வாடகைக் கேசட், தினம் ஐந்து ரூபாய். திருப்பிக் கொடுக்க முடியாததால் வாடகைக்கும் கேசட் விலைக்குமாக லீவு முழுவதும் அந்தப் பிள்ளை கடையைக் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுத்துக் கழித்திருக்கிறான். மற்ற பிள்ளைகள் மணிக்கணக்கில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் கூப்பிட்டுக் கேசட்டை நீட்டினேன். வாங்கவில்லை. "கடையில கணக்கு முடிஞ்சிருச்சு டீச்சர். தம்பியே வெளயாடட்டும்" என்றான். குரலில் கோபம் இல்லை. என் மகன் பள்ளி முழுக்கப் பெருமையடித்திருப்பான் போல. கடைக்குக் கட்டிய பணத்தையாவது கொடுத்திருக்கலாம். வகுப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு அவன் வேறு பள்ளிக்குப் போனான், பிறகு பார்க்கவே இல்லை. பெயரை இங்கே போடவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். அந்த வகுப்பில் படித்த யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். கேசட்டின் பின்னால் கடைக்காரர் பேனாவால் போட்ட 17 என்ற எண் இன்னும் அழியவில்லை.

அப்படியே யார் வீட்டிலாவது ஓடுகிற குண்டு டிவி கிடந்தால் அதையும் சொல்லுங்கள்.