பார் வீதி முடியும் இடம்

பார் வீதியில் சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்குத் தெரியும், பாலமீன்மடு வருவதற்குக் கொஞ்சம் முன்பே காற்று மாறிவிடும். மட்டக்களப்பு டவுனிலிருந்து கூடவே வந்த வாவியின் சேற்று வாசம் மெல்லக் கழன்றுபோக, உப்புக்காற்று முகத்தில் அறையும். தென்னந்தலைகளுக்கு மேலால் வெள்ளையாக அது எட்டிப் பார்க்கும். 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம் என்பதெல்லாம் பிறகு வாசித்து அறிந்தவை. எங்களுக்கு அது வெளிச்சவீடு. அந்தப் பக்கத்தில் வழி சொல்ல வேறு அடையாளம் தேவைப்படவில்லை. "வெளிச்சவீட்டுக்கு இஞ்சால", "வெளிச்சவீட்டுக்கு அங்கால". இதற்குள் ஊர் முழுக்க அடங்கிவிடும்.

நீங்களும் அந்தப் பக்கத்து ஆள் என்றால் கச்சான் காற்றை மறந்திருக்க மாட்டீர்கள். படுவான்கரை வெக்கையை வாரிக்கொண்டு வந்து, கொடியில் காயப்போட்ட சாரனைக் கண்ணா மரத்தில் கொண்டுபோய்க் கொளுவிவிடும். அந்த மாதங்களில் முகத்துவாரம் தூர்ந்து கிடக்கும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு, அதன் மேல் காலில் செருப்பில்லாமல் ஓடிய நாங்கள். இந்தப் பக்கம் கையை நனைத்தால் இளஞ்சூடு, அந்தப் பக்கம் நனைத்தால் குளிர்.

மாரி பிறந்தால் கதை வேறு. படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கியதும் முகத்துவாரத்தை வெட்டு என்பார்கள் வெள்ளாமைக்காரர்கள். இறால் பெருக்கட்டும், இன்னும் கொஞ்சம் பொறு என்பார்கள் வலைக்காரர்கள். கச்சேரி மட்டும் போய் வரும் அந்த வழக்கு. கடைசியில் ஒருநாள் மண்வெட்டியோடு ஆட்கள் மணலில் இறங்குவார்கள். வெட்டுகிற வாய்க்கால் முதலில் ஒரு முழ அகலந்தான். தண்ணீர் அதில் தயங்கித் தயங்கி ஊரும். பிறகு இரண்டு கரையும் கட்டி கட்டியாய்ப் பிய்ந்து விழும். "தள்ளி நில்லுங்க மனே!" என்று யாரோ கத்த, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலையில் நடந்து கடந்த இடத்தில் ஆறு இரைந்துகொண்டு கடலுக்குள் பாயும். அன்றிரவு கரை முழுக்கப் பெற்றோல்மக்ஸ் வெளிச்சம். முழங்கால் தண்ணீரில் அத்தாங்கோடு ஆட்கள். விடியப்புறம் எல்லா வீட்டுக் குசினியிலும் இறால் பொரிகிற வாசம்.

இந்த மணல்தான் வெளிச்சவீட்டை அங்கே நிற்க வைத்தது. வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடந்தாலும் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளங்கள் போய்ச் சாமான்களையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு, திட்டுக்கும் அலைக்கும் தப்பி உள்ளே நுழைந்து புளியந்தீவு இறங்குதுறைக்கு வரும். லேடி ஹவ்லொக், லேடி கோடன் என்று இலங்கையைச் சுற்றி ஓடிய நீராவிக் கப்பல்களின் பெயரைத் தோணிக்காரக் கிழவர் ஒருவர் சொந்தக்காரப் பெண்டுகளின் பெயர் மாதிரிச் சொல்வார். அவரும் அவற்றைப் பார்த்தவரல்ல. தகப்பன் சொல்லிக் கேட்டவர். 1928இல் ரயில் வந்தது, கப்பலில் போவாரில்லாமல் போயிற்று. கப்பலுக்கு வழிகாட்டக் கட்டிய விளக்கு பிறந்து பதினைந்து வருசம்கூட ஒழுங்காக அந்த வேலையைப் பார்க்கவில்லை என்று சிரிப்பார். சிரித்து முடிய வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆனா எங்களுக்கு எரிஞ்சதே, அது காணும்" என்பார்.

எங்கள் பெத்தாவிடம் வேறொரு கப்பல் இருந்தது. 1942 ஏப்ரல் 9. யப்பான்காரனின் விமானங்கள் குண்டு போட்டு ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை எங்கள் கடலிலேயே தாழ்த்தின. முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். தப்பி மிதந்தவர்களை வீற்றா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக்கொண்டது. பெத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அடுப்பில் சோறு கொதித்தது தெரியும், தூரத்தில் இடி மாதிரிக் கேட்டது தெரியும், அவவின் தாய் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியது தெரியும். அதற்குப் பிறகு கனகாலம் பெரிய மீன் வாங்க மாட்டாவாம்.

இருட்டினால் அக்கரை நாவலடியிலிருந்து பேச்சுக்குரல் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வரும். யாரோ பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள், யாரோ வலை உதறுவார்கள். பகலில் தோணியில் போனால் அந்தக் குரல்களுக்கு முகம் கிடைக்கும். ஒடுங்கிய மணல்துண்டு அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவே வீடும் தென்னையும். கடலுக்குப் போன தோணிக்காரர் கரையைத் தேடுகையில் முதலில் தேடியது இந்த விளக்கை. அது தெரிந்துவிட்டால் மனுசிமார் சோற்றை வடிக்கலாம்.

2004 டிசம்பர் 26இல் நாவலடி கடலோடு போனது. மிஞ்சியவர்களில் பலரைக் கொண்டுபோய்த் திராய்மடுவில் குடியேற்றினார்கள். வெளிச்சவீடு நின்றது. அது நின்றதை ஊரில் அதிசயமாகப் பேசினார்கள். எனக்கு அதில் பெருமைப்பட மனம் வரவில்லை. தோணிக்காரக் கிழவரும் பெத்தாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அந்தக் காலையைக் காணாமல் போனது அவர்கள் செய்த புண்ணியம்.

வாழ்க்கைப்பட்டு வந்து நான் இருக்கும் பல்லேபொலவில் மிளகுக்கொடி உண்டு, மழை உண்டு, மலை உண்டு. இரவில் எந்தப் பக்கம் கிழக்கு என்று எனக்குச் சட்டென்று சொல்ல வராது. சின்ன வயதில் அதை யோசித்துப் பார்க்க வேண்டி வந்ததே இல்லை, விளக்கு மினுங்கிய பக்கம் கிழக்கு. மாத்தளைக்காரப் பேரப்பிள்ளைகள் போன விடுமுறையில் அங்கே போய்ப் படகுச் சவாரி செய்து, தூணின் அடியில் நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். ஐஸ்கிரீம் வண்டி தெரிந்தது, குடைகள் தெரிந்தன. பின்னால் அக்கரை விழுந்திருக்குமா என்று விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். மணலும் இரண்டு தென்னையும்தான். அங்கே யாருடைய வீடுகள் இருந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எழுதத் தொடங்கி, வீடு வீடாகப் பேர் நினைவுக்கு வர வர, அந்தச் செய்தியை அனுப்பாமலே விட்டேன். நீங்கள் அந்தப் பக்கத்து ஆள் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.