கதவுக்கு வெளியே 46 நாட்கள்

"நீங்கள் இரட்டைப் பிள்ளைகள்தானே?" என்று, ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் இப்பள்ளியில் எங்களைக் கேளாதவர் இல்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்வதே எங்கள் வழக்கம். உண்மையில் நாங்கள் ஒரே பிரசவத்தில் மூவராகப் பிறந்தவர்கள். இடையில் பிறந்தவன் ஆண். மூத்தவளுக்கு அவன் தம்பி, இளையவளுக்கு அண்ணன். நான்கு நாட்களே இருந்தான். ஆண்டு மலருக்கு இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை தர வேண்டும் என்று தமிழம்மா பணித்தபோது, அவனையும் சேர்த்து எழுதுவதே முறை என்று எங்களுக்குப் பட்டது. வீட்டில் கேட்டோம். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பீரோவிலிருந்து மருத்துவமனைக் கோப்பை எடுத்து எங்கள் முன் வைத்தார்கள்.

ஆகவே, தோழியரே, இனி நாங்கள் சொல்லப் போவதில் எங்கள் நினைவில் உள்ளது என்று ஒன்றுமே கிடையாது. எல்லாம் அம்மாவும் அப்பாவும் ஆச்சியும் சொன்னவை. மீதி அந்தக் கோப்பில் இருந்தவை.

2009 ஆம் ஆண்டு ஜூலை மாதம். முப்பது வாரம் முடிந்த நிலையில் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறப்பவை எல்லாம் குறைமாதக் குழந்தைகள் என்பது மருத்துவர் கணக்கு. ஆச்சியின் கணக்கோ வேறு. "ஏழாம் மாசப் பிள்ளை பொழைச்சுக்கிடும், எட்டாம் மாசப் பிள்ளைதான் தங்காது" என்று சொல்லி ஆச்சி எல்லாரையும் தேற்றினார்களாம். இது நம் ஊர்ப் பாட்டிமாரின் நம்பிக்கை மட்டுமன்று. பழைய கிரேக்க வைத்திய நூல்களிலும் இதே கருத்து உண்டு. ஆனால் அது சரியல்ல. தாயின் வயிற்றில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. பக்கத்து நகரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் கொண்டு போனார்கள். குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்கென்று அம்மாவுக்கு ஊசி போட்டார்கள். அறுவை செய்து எங்களை எடுத்தபோது மூத்தவள் 1,240 கிராம், இளையவள் 1,180 கிராம், அவன் 1,010 கிராம்.

அப்பா உப்பளத்தில் கணக்கர். டன் கணக்கில் எடை எழுதிப் பழகிய கை. அன்று முதல் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, எங்கள் எடையைக் கிராம் கணக்கில் எழுதத் தொடங்கினார்கள். அந்த நோட்டும் கோப்பிலேயே இருக்கிறது. முதல் ஒன்பது நாட்களும் எண்கள் குறைந்துகொண்டே போகின்றன. அது இயல்புதான் என்று டாக்டர் சொல்லியும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

எங்களை வைத்திருந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மாலையில் பத்து நிமிடம் ஒருவர் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். பார்க்கலாம், தொடக் கூடாது. மற்ற நேரமெல்லாம் கதவுக்கு வெளியே வராந்தாவில்தான் குடும்பங்களின் வாசம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் கணவன் மனைவி, இராமநாதபுரத்திலிருந்து பேத்திக்காக வந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த பெரியவர், ஜெபமாலையோடு எங்கள் ஆச்சி. பாய், தூக்குச்சட்டி, போர்வை எல்லாம் பொது. அங்கே யாரும் யாருடைய பெயரையும் முதலில் கேட்பதில்லை. "எத்தனை கிராம்?" என்றுதான் கேட்பார்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் கிடையாது. 'பேபி ஆஃப்' என்று தாயின் பெயரை எழுதிக் காலில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். எங்கள் மூவருக்கும் அம்மாவின் பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள்.

'இரண்டு' பிறந்ததிலிருந்தே மூச்சுக்குத் திணறினான். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் போதிய அளவு இராது. அது இல்லாவிட்டால் உள்ளிருக்கும் காற்றறைகள் மூச்சு விடுந்தோறும் ஒட்டிக்கொள்ளும். இந்த உண்மையை 1959 இல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்டார். வெளியிட்ட நான்காம் ஆண்டில், 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் குறைமாதத்தில் ஒரு மகன் பிறந்தான். பாட்ரிக் என்று பெயரிட்டு உடனே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை, எங்களைவிட எவ்வளவோ பெரிய பிள்ளை! இதே மூச்சுத்திணறலால் 39 மணி நேரத்தில் இறந்து போனான். நாட்டின் அதிபருக்கும் அன்று கதவுக்கு வெளியே நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பொருளைக் குழந்தையின் மூச்சுக்குழலில் மருந்தாகச் செலுத்திப் பிழைக்க வைக்கலாம் என்று ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் காட்டியது 1980 இல்தான்.

அந்த மருந்து எங்கள் மூவருக்கும் கொடுக்கப்பட்டது. அதற்காக அம்மாவின் வளையல்கள் போயின. எங்கள் இருவருக்கும் வேலை செய்தது. அவனுக்கும் முதலில் சற்றுத் தெளிந்து, நான்காம் நாள் நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது.

அன்று இரவு அப்பா இரத்தம் வாங்க வெளியே ஓடியிருந்தார்கள். அம்மா, அறுவைக் காயத்தோடு வேறு மாடியில். வராந்தாவில் ஆச்சி மட்டும். நர்ஸ் கதவைத் திறந்து, "பாட்டி, நிலைமை சரியில்லை" என்றார். ஆச்சி அழவில்லையாம். "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும், என்னை உள்ளே விடுதியா தாயி?" என்று கேட்டார்கள். விட விதியில்லை. அந்த நர்ஸ் நெற்றியில் விபூதி வைத்திருந்தவர். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நான் செய்யலாமா? என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுங்க" என்றார். மரண ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருச்சபை கருதுவதையே தாமும் கருதிச் செய்தால் போதும், கொடுப்பவர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிக்கு அது தெரிந்திருந்தது. "நான் சொல்லுதேன், நீ அப்படியே திருப்பிச் சொல்லு" என்று வாசற்படியில் நின்றபடியே அந்த ஒரு வாக்கியத்தை மும்முறை சொல்லிக் கொடுத்தார்கள். தாத்தாவின் பெயரையே பிள்ளைக்குச் சொன்னார்கள். நர்ஸ் உள்ளே போய், ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அவன் தலையில் விட்டு, அதைப் பிசகாமல் சொன்னார். கண்ணாடி வழியே உதடு அசைந்ததைப் பார்த்தேன் என்பார்கள் ஆச்சி. எங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவன் பெயர் எங்கள் பெயர்களுக்கு முன்னால் இருக்கிறது.

விடியுமுன் போய்விட்டான். ஒரு சிறு பெட்டியில் அப்பாவே மடிமீது வைத்துக்கொண்டு வாடகைக் காரில் ஊருக்குக் கொண்டு போனார்கள். அம்மா அடக்கத்துக்குப் போக முடியவில்லை. போகக் கூடிய உடல்நிலை இல்லை. இன்னொரு காரணமும் இருந்தது. மூன்று மணிக்கு ஒருமுறை பால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு உறிஞ்சத் தெரியாது. முப்பத்து நான்கு வாரம் போல் ஆகும்வரை உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒன்று சேர்த்துச் செய்யக் குழந்தைக்கு வராதாம். அதனால் கையால் பீய்ச்சிய பாலை மெல்லிய குழாய் வழியே இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று வயிற்றுக்குள் விடுவார்கள். அவனை அடக்கம் செய்த அந்த மாலையில் அம்மா எடுத்துக் கொடுத்த பால் 15 மில்லி என்று நர்ஸ் குறித்து வைத்திருக்கிறார். நாங்கள் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்ணிக் கழித்த நாட்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. மூச்சு விட மறந்துபோனால் மணி அடிக்கும். நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டுவார். மறுபடி மூச்சு வரும். நான்காம் வாரம் கண் பரிசோதனை. 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு அளவின்றி ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கானோர் பார்வை இழந்தார்கள். அதனால் இன்று ஆக்சிஜனும் அளந்தே தரப்படுகிறது, விழித்திரையையும் தவறாமல் சோதிக்கிறார்கள். குழாய் எடுத்த பிறகு பாலாடையில் பால். நம் வீடுகளில் பரணில் கிடக்குமே, மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணமேதான். ஆங்கில மருத்துவ இதழ்களிலும் அதற்குப் பாலாடை என்றே பெயர் என்று அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பும் பெருமையும் வந்தன.

பத்தொன்பதாம் நாள் டாக்டர் அம்மாவை உள்ளே அழைத்து ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். துணியில்லாமல் எங்களில் ஒருத்தியை அம்மாவின் மார்பில் நேராகச் சாய்த்து வைத்து, மேலே சேலையைச் சுற்றிக் கட்டினார்கள். கங்காரு முறை என்று பெயர். 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரேய் என்ற மருத்துவர் தொடங்கியது. அவர் பணியாற்றிய மருத்துவமனையில் இன்குபேட்டர் பற்றாக்குறை; ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைக்க வேண்டியிருந்தது. தாயின் உடற்சூட்டையே பெட்டியாக்கினார். ஏழை நாட்டின் பற்றாக்குறையில் பிறந்த வைத்தியத்தைப் பின்னர் செல்வ நாடுகளும் கற்றுக்கொண்டன. அம்மாவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. "பத்தொன்பது நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நீங்கள் என் பிள்ளைகள் ஆனீர்கள்" என்று மட்டும் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகள் இரண்டு, அம்மா ஒன்று! இரண்டாவது பிள்ளைக்கு அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆம்பிளை பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அதிசயத்தை ஆச்சி கண்ணாடி வழியே பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அவன் போன பின் ஆச்சி சிரித்தது அன்றுதான் என்றார்கள் அப்பா. மறுநாளிலிருந்து நோட்டில் எண்கள் ஏறுகின்றன: 15, 20, 20, 25.

46 ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம். மூத்தவள் 1,760 கிராம், இளையவள் 1,700. பார்க்க வந்த தெருவாரை எல்லாம் ஆச்சி வாசலிலேயே நிறுத்தி, "தூரமா நின்னு பாத்தாச்சுல்லா, போயிட்டு வாங்க" என்று அனுப்பி வைத்த கதை எங்கள் தெருவில் இன்னும் பிரசித்தம். மற்றப் பிள்ளைகள் நடந்தபோது நாங்கள் தவழ்ந்தோம். பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள் என்று டாக்டர் சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டார்கள். மூத்தவள் கண்ணாடி போட்டிருக்கிறாள். வேறு குறையொன்றும் இல்லை, கணக்குப் பாடத்தைத் தவிர.

கட்டுரைக்காக நூலகத்திலும் வேறு இடங்களிலும் தேடியபோது ஒரு செய்தி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வு, 2021 இல் வெளிவந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குட்பட்ட எடையில் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒரு பிரிவினருக்குப் பிறந்த உடனேயே கங்காரு முறை. தாயும் தீவிர சிகிச்சைப் பிரிவின் உள்ளேயே இரவு பகல் தங்கினாள். மற்றவர்களுக்கு, உடல்நிலை சீரான பிறகு. இப்படிக் காத்திருந்த பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு 15.7. தாயோடு இருந்த பிரிவில் 12. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று எத்தனை காலம் நம்பியிருந்தார்கள்! வெளியிலிருந்து நோய் வந்துவிடும் என்ற அச்சத்தில் வைத்த விதி அது. அந்த மருத்துவமனையை மட்டும் குறை சொல்வதற்கில்லை, அன்று பெரும்பாலும் எங்கும் அப்படித்தான்.

இதை வீட்டில் படித்துக் காட்டினோம். "அப்போதே இது இருந்திருந்தால் அவன்..." என்று அப்பா தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவனைப் போல் பிறந்தவுடன் தானாக மூச்சு விட முடியாத குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு விடையும் அதில் இல்லை. அம்மா கேட்டது வேறு. "நாலு நாள் அவன் கூட இருந்திருப்பேன் இல்லையா?" என்றார்கள்.

நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். 2024 இல் அந்த நாளையொட்டி, அங்கே வளர்ந்து போன பிள்ளைகளை மருத்துவமனையார் அழைத்திருந்தார்கள். ஐந்து பேரும் போனோம். ஆச்சிக்கு இப்போது நடை தள்ளாட்டம், ஆனாலும் வந்தார்கள். அந்த நர்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார் என்று சொன்னதும் ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது. கதவு அதே இடத்தில் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் சாய்வு நாற்காலி போட்டிருக்கிறார்கள், அதில் தாய்மார்கள். அம்மா கண்ணாடி வழியே நாற்காலிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றார்கள். வராந்தாவில் ஓர் இளைஞர், அங்கியை மாட்டத் தெரியாமல் முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் போய் நின்று, எத்தனை கிராம் என்று கேட்டார்கள். 1,150 என்றார் அவர். அப்பா எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள்.