பெண்ணின் பெயர் எழுதிய பெட்டி

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக்குப் போக உங்களுக்கு வாய்த்தால், சுதந்திர மணியைப் பார்த்த கையோடு, "ஊர் பார்த்தாயிற்று!" என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். கலை மியூஸியத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வாசலில் 72 படிகள். மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறுங்கள். உள்ளே இருக்கும் பெட்டிகள் எங்கும் ஓடிவிடாது!

ஆம், பெட்டிகள்தாம். வர்ணம் தீட்டிய பழைய மரப் பெட்டிகள். ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பென்ஸில்வேனியாவில் குடியேறிய குடியானவர்கள், தங்கள் பிள்ளைகளுக்காகச் செய்வித்தவை. 1683-ல் பிலடெல்பியாவை ஒட்டி ஜெர்மன்டவுன் என்ற குடியிருப்பு ஏற்பட்டது. பிறகு வந்தவர்கள் மேற்கே லங்காஸ்டர், பெர்க்ஸ் என்று உள்நாட்டில் நிலம் தேடிப் போனார்கள். அழகான பெட்டிகளில் பல 1780-க்கும் 1810-க்கும் இடையில் அங்கே பிறந்தவை.

சுமார் நான்கடி நீளம், இரண்டடி உயரம். அந்தச் சீமைக் காடுகளில் வளரும் டூலிப் பாப்ளர் மரம் பெட்டிக்கென்றே படைத்தது போல இருக்கும்: அகலமான பலகை, உளிக்கு இணங்கும் மிருது. பலகைகள் சேரும் மூலைகளைக் குனிந்து பாருங்கள். ஆணி இல்லை. புறாவின் வால் போல விரிந்த பற்களை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பான் தச்சன். அது போதாதென்று பற்களின் நடுவே சின்ன மர ஆப்பு அடித்து இறுக்குவதும் உண்டு. நூற்றாண்டுகள் கழித்தும் மூலை விடாத ரகசியம் இதுதான்.

மூடியைத் திறந்தால் உள்ளே இடது பக்கம், மேலாக ஒரு சிற்றறை. நம் பாட்டிமார் பெட்டியில் காசும் கடுக்கனும் போட்டு வைக்கும் அறை மாதிரிதான். அதன் சின்ன மூடியை நிமிர்த்தி நிறுத்தினால், பெரிய மூடியை அது தாங்கிக் கொள்ளும்! இரண்டு கையாலும் துணியை எடுக்கலாம். பெண்பிள்ளைகளின் சிரமம் தெரிந்த தச்சன் என்று சொல்லத் தோன்றுகிறது. சில பெட்டிகளில் இந்த அறைக்கும் கீழே மறைவாகக் கள்ளறைகள் இருக்கும். அடியில் இரண்டு மூன்று இழுப்பறைகள் வைப்பதும் உண்டு.

இனி வர்ணம். ஆளி விதை எண்ணெயில் குழைத்த சாயம். பின்னணி பெரும்பாலும் நீலம். அதில் வெள்ளைக் கட்டங்கள், கட்டங்களுக்குள் டூலிப் பூ, இருதயம், பறவை. பெர்க்ஸ் பக்கத்துப் பெட்டிகளில் ஒற்றைக் கொம்புக் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நிற்கும். காம்பஸ் ஊன்றி வட்டம் போட்ட புள்ளி இன்னும் தெரியும். நீலம் பச்சையாகத் தோன்றினால் ஓவியன்மேல் பழி வேண்டாம். மேலே பூசிய வார்னிஷ் வயதாகி மஞ்சளித்திருக்கும்.

நடுவிலே பெயரும் வருஷமும் எழுதியிருப்பார்கள். பையன்களுக்கும் பெட்டி உண்டு; ஆகவே இதைச் 'சீதனப் பெட்டி' என்று மட்டும் சொல்லிவிடுவது சரியல்ல. பெண்ணானால், கல்யாணத்துக்கு முந்தைய பெயர், தகப்பனார் குடும்பப் பெயரோடு. நெய்த லினன் துப்பட்டிகள், பூவேலை செய்த கைத்துண்டுகள் எல்லாம் இதற்குள் சேரும். எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தோம் என்று தகப்பன்மார் கணக்கு எழுதி, பிற்பாடு சொத்துப் பாகத்தில் கழித்துக்கொள்வார்கள். கறாரான மனிதர்கள்!

ஆனால் கேளுங்கள் இந்த விசித்திரத்தை. அந்நாளில் அங்கே இருந்த இங்கிலீஷ் சட்டப்படி, தாலி கட்டாத குறையாக மோதிரம் மாற்றிய அன்றே பெண்ணின் அசையும் பொருளெல்லாம் புருஷனுடையதாகிவிடும். பெட்டியும் அவனுடையது, உள்ளே அவள் கையால் தைத்த துண்டும் அவனுடையது. அவன் கடன்பட்டால் கடன்காரன் தூக்கிக்கொண்டு போகலாம். பென்ஸில்வேனியாவில் மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே என்று சட்டம் வந்தது 1848-ல்தான். அதுவரை எத்தனை பெட்டிகள், ஒருத்தியின் பெயரை நெற்றியில் சுமந்துகொண்டு இன்னொருவனுக்குச் சொந்தமாக நின்றனவோ! புருஷன் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சுரண்டிவிடவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

சுரண்டியவர்கள் பிற்காலத்துக்காரர்கள். 'பழைய மரத்தின் அழகு தெரியட்டும்' என்று வர்ணத்தை உரித்து, மெருகு போட்டு விற்ற வியாபாரிகள் உண்டு. பெயர் போனால் பெட்டியில் பாதி போயிற்று. விலை ஏறியதும், வெறும் பெட்டியில் புதுப் பூ எழுதிப் பழசு என்று தள்ளியவர்களும் உண்டு.

பக்கத்து டெலவேர் மாநிலத்தில் விண்டர்தூர் மியூஸியம் இருக்கிறது. 1951-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்கும் இந்தப் பெட்டிகளைக் காணலாம். எங்கே பார்த்தாலும், மூடி திறந்திருந்தால் அதன் உட்புறத்தைக் கவனியுங்கள். பிறந்த நாளும் ஞானஸ்நானமும் எழுதிய சித்திரக் காகிதத்தை அங்கே ஒட்டுவது வழக்கம். பிறகு சாவித் துவாரத்தைச் சுற்றிப் பாருங்கள். வர்ணம் தேய்ந்து மரம் வெளுத்திருந்தால், அது சாவி திருப்பிய கைகளின் வேலை.