கடவைப் பலகை

படிப்பிக்க வந்த அக்கராயனில் தண்டவாளம் இல்லை. கோச்சி ஏற முறிகண்டிக்கோ கிளிநொச்சிக்கோ போகவேண்டும். எங்கள் மேசையில் மட்டும் ஓடுகிறது: 76இல் ஒரு பங்கு அளவில், மகனுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும் வடக்குப் பாதை.

எஞ்சின் கடையில் கிடைக்கும். கிளிநொச்சி என்ற பெயர்ப்பலகையை யார் விற்பார்? தேயிலைப் பெட்டி மட்டையை வெட்டி ஈர்க்கில் கால் வைத்தேன். இரண்டு மீற்றர்ப் பலகை 26 மில்லிமீற்றராகச் சுருங்கும். அதற்குள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அடங்கவேண்டும். மட்டைக்கு முதலில் வெள்ளைப் பெயின்ற் பூசிக் காயவிடாவிட்டால் மை ஊறி, 'நொ'வின் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும்.

கடைசியாகச் செய்தது புகையிரதக் கடவைப் பலகை. 1990இல் நின்ற யாழ்தேவி கிளிநொச்சிக்குத் திரும்பியது 2013 செப்டெம்பரில். இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. கோச்சிச் சத்தம் கேளாமலே ஒரு தலைமுறை வளர்ந்து சைக்கிள் ஓடியது. பாதை திறந்தபின் காவலில்லாத கடவைகளில் உயிர்கள் போயின. அதனால் இந்தப் பலகையை மட்டும் கணக்குக்கு இரு மடங்காக வெட்டினேன்.

"வாப்பா, இது மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு?"

"சைக்கிள்ள வாறவனுக்குத் தூரத்திலேயே தெரியணும், மகன்."