தூண்டாமணி விளக்கும் தானியங்கி விளக்கும்

விளக்கை அணையாமல் காப்பது எப்படி என்ற கவலை நம் முன்னோருக்கு என்றுமே இருந்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்றொரு தொடர் வரும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்காக அன்பர் ஒருவர் 96 ஆடுகளை அளிப்பார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து வருவார். இறக்கும் ஆட்டின் இடத்தைப் பிறக்கும் குட்டி நிரப்புவதால் மந்தை குறையாது. கொடுத்தவர் சிவபதம் அடைந்த பின்னும் விளக்கு எரியும். இல்லங்களில் தொங்கிய தூண்டாமணி விளக்கும் இவ்வாறே. அகலில் எண்ணெய் குறையக் குறைய, மேலே உள்ள கிண்ணத்திலிருந்து தானாக இறங்கும். எவரும் எழுந்து சென்று வார்க்க வேண்டியதில்லை.

இவற்றை எண்ணும்போது, இன்று ‘ஸ்மார்ட் லைட்’ என்று பேரப்பிள்ளைகள் சொல்லும் தானியங்கி விளக்கைக் கண்டு நம் வயதினர் மிரள வேண்டியதில்லை எனத் தோன்றுகிறது. ஆனால் எதை வீட்டுக்குள் விடுவது, எதை வாசலோடு நிறுத்துவது என்று ஆராய வேண்டும். எங்கள் அனுபவம் பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

நாங்கள் மேல்விஷாரத்தில் வாழ்கிறோம். பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த ஊர் இது. தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். மாதந்தோறும் கிருத்திகையன்று அருகிலுள்ள ரத்தினகிரிக்குச் சென்று பாலமுருகனைத் தரிசிப்பது என் மனைவியின் நெடுநாள் வழக்கம்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, குளியலறைக்குச் செல்ல எழுந்த அவள் இருட்டில் நடைவாசற்படி தடுக்கி விழுந்தாள். மின்விசை எதிர்ச்சுவரில் இருந்தது. அதை எட்டுமுன்னே கால் இடறிவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. விபத்தால் நேரும் மரணங்களில் கீழே விழுதல் இரண்டாவது பெரிய காரணம் என்றும், அவ்வாறு உயிரிழப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மணிக்கட்டோடு போயிற்றே என்று முருகனுக்கு நன்றி சொன்னோம்.

சென்னையிலிருந்து மகன் ஓடிவந்தான். “இனி நீங்கள் இருவரும் இங்கே தனியாக இருக்க வேண்டாம், அப்பா. என்னோடு வந்துவிடுங்கள்” என்றான். அவன் அன்பில் குறையில்லை. ஆனால் இந்த வீட்டையும் தெருவையும் கிருத்திகை தரிசனத்தையும் விட்டுப் போவதை நினைத்து அவள் இரவெல்லாம் உறங்கவில்லை. “விளக்கு இருந்தால் நான் ஏன் விழப்போகிறேன்?” என்று காலையில் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று.

பக்கத்து வீட்டுப் பாயின் பேரன் மின்பணி கற்றவன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, முதலில் இண்டர்நெட்டே வேண்டாம். ஆள் நடந்தால் எரிகிற பல்பு போதும்” என்றான். உடலின் வெப்பம் இடம் பெயர்வதை உணர்ந்து எரியும் விளக்கு அது. அதில் கேமரா இல்லை, கைபேசி தேவையில்லை. விலையும் சில நூறு ரூபாய்தான். படுக்கையறை வாயிலில் ஒன்று, நடையில் ஒன்று என இரண்டு பொருத்தினான். வெண்ணிற ஒளி உறக்கத்தைக் கலைக்கும் என்பதால் இளமஞ்சள் ஒளியையே தேர்ந்தான். அன்றிரவு அவள் காலைத் தரையில் ஊன்றி இரண்டு அடி வைத்ததும் நடையெங்கும் வெளிச்சம் பரவியது.

அதன் பிறகே கைபேசியால் இயங்கும் விளக்கை வாசலுக்கு வாங்கினோம். அவன் சொன்ன சில குறிப்புகளை நம் வீடுகளுக்காகத் தருகிறேன். இத்தகைய பல்புக்குச் சுவரிலுள்ள விசை எப்போதும் போட்டபடி இருக்க வேண்டும். வேலைக்கார அம்மாள் பழக்கத்தில் அணைத்துவிட்டால் கைபேசிக்கு அது அடங்காது. பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி பெரும்பாலும் இராது. அங்கு ஸ்மார்ட் சுவிட்சைவிட ஸ்மார்ட் பல்பே எளிது. மலிவான பல்புகள் பலவும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். மின்தடையின்போது இயங்க வேண்டுமானால் வைஃபை பெட்டியையும் இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டும். வெந்நீர்க் கருவியைச் சிறிய ஸ்மார்ட் பிளக்கில் ஒருபோதும் செருகக்கூடாது; அதற்கு 16 ஆம்பியர் தாங்குவது தேவை. கடவுச்சொல்லைப் பிறந்த தேதியாக வைக்கலாகாது.

வாசல் விளக்கு நாள்தோறும் சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டுத் தானே எரிகிறது. கார்த்திகையில் ஏறக்குறைய 5.45 மணிக்கு எரிவது, ஆனியில் 6.40க்கு நகர்ந்துவிடும். சந்தியா காலம் வந்தது என்று அது எங்களுக்கு அறிவிக்கிறது.

கூடத்தில் கேமராவும், சொன்னதைக் கேட்கும் ஒலிபெருக்கியும் வைக்க மகன் விரும்பினான். அந்த ஒலிபெருக்கி தன் பெயர் எப்போது அழைக்கப்படும் என்று காது கொடுத்தபடியே இருக்கும். “என் பிள்ளை பார்ப்பதில் எனக்கு வெட்கமில்லை, ஆனால் வீட்டுக்குள் பேசும்போது யோசித்துப் பேசும்படி ஆகிவிடும்” என்றாள் அவள். மகனும் புரிந்துகொண்டான். காலையில் வாசல் விளக்கைக் கைபேசியில் நாங்களே அணைக்கிறோம். அணைந்த செய்தியைத் தன் கைபேசியில் பார்த்து, பெற்றோர் நலமாக எழுந்தனர் என அறிகிறான். எட்டு மணிவரை அணையாவிட்டால் தொலைபேசியில் அழைப்பான். அவ்வளவே ஏற்பாடு. சென்னைக்கு அழைக்கும் பேச்சும் நின்றது.

பூஜையறைக்கும் ஒரு மின்தீபம் வைத்து நேரம் குறித்துவிடலாம் என்று அந்தப் பையன் நல்லெண்ணத்தோடு கேட்டான். அவள் சிரித்தபடி மறுத்துவிட்டாள். மாவுக்கட்டு இருந்த ஆறு வாரமும் நான் விளக்கேற்ற, அருகில் நின்று பார்த்து ஏங்கியவள் அவள். கட்டுப் பிரித்த அன்று, மணிக்கட்டு வலித்தபோதும் தானே திரியிட்டு ஏற்றினாள்.

வேதாரண்யத்தில் நெய் உண்ண வந்த எலி, அறியாமலே திரியைத் தூண்டியதற்கே இறைவன் மாவலிச் சக்கரவர்த்தியாகும் பேற்றை அளித்தான். அறியாமற் செய்ததற்கே அவ்வளவு அருள் என்றால், அறிந்து அன்போடு ஏற்றும் கைக்கு எவ்வளவு! நமிநந்தியடிகள் திருவாரூரில் நீரால் விளக்கெரித்ததும், கணம்புல்லர் தில்லையில் புல் எரிந்து போதாதபோது தம் முடியையே எரித்ததும் தம் கையால் செய்த தொண்டு என்பதால்தான் போற்றப்படுகின்றன.

நடையில் எரிவது நம் காலுக்கு விளக்கு. அதை இயந்திரம் ஏற்றட்டும். சந்நிதியில் எரிவது நம் அன்பின் விளக்கு. அதற்கு நம் கை வேண்டும். தனித்து வாழும் பெரியோர்கள் இன்றே தம் படுக்கைக்கும் குளியலறைக்கும் இடையே எத்தனை அடி இருட்டு இருக்கிறது என்று நடந்து பார்க்கவேண்டும். அங்கே ஒரு விளக்கு வைத்துத் தொடங்கினால் போதும்.